கைப்பிடிக்குள் ஒரு கிடங்கு: மாற்று பிளேடுகளைத் தன்னுள் வைத்திருந்த சவரக் கருவியின் வரலாறு

சவரக் கருவியின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் அதன் விளிம்பைப் பற்றியே எழுதியிருக்கின்றனர். எஃகு எவ்வாறு மெல்லியதாயிற்று, முகத்தில் காயம் எவ்வாறு குறைந்தது என்பனவே அவர்களுடைய வினாக்கள். கைப்பிடியைப் பற்றி எழுதியோர் மிகச் சிலர். இப்பதிவு கைப்பிடியைப் பற்றியது. குறிப்பாக, 1926-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த, இருபது மாற்று பிளேடுகளைத் தன் கைப்பிடிக்குள்ளேயே சுமந்த ஒரு ரேசரைப் பற்றியது. அதன் பெயர் 'மேகசின் ரிப்பீட்டிங் ரேசர்'. அதனை உருவாக்கியவர் அமெரிக்கத் தரைப்படையில் பணியாற்றிய ஜேக்கப் ஷிக்.

மாற்று பிளேடு எங்கே இருக்கவேண்டும் என்பது சிறிய வினாவாகத் தோன்றலாம். ஆனால் அதற்குக் காலந்தோறும் அளிக்கப்பட்ட விடைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், கூர்தீட்டும் உழைப்பு யாருடையது, கருவியை வாங்கியவர் அதன்பின் யாரைச் சார்ந்திருக்கிறார், தேய்ந்த எஃகு எங்கே போய்ச் சேர்கிறது என்னும் வினாக்கள் ஒவ்வொன்றாக மேலெழுகின்றன. பண்டங்களின் வரலாற்றில் ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு இது பயனுள்ள ஓர் எடுத்துக்காட்டாக அமையும் என்னும் எண்ணத்தில் இதனை எழுதுகிறேன்.

1. பிளேடுக்கு முன்பு

தமிழில் நாவிதரின் கருவிப் பைக்கு 'அடைப்பம்' என்று பெயர். கத்தி, சாணைக்கல், தோல்வார், கண்ணாடி, கிண்ணம் ஆகியவற்றை ஒன்றாக அடக்கியது அது. அடைப்பத்தில் உதிரிப் பொருள் என்று எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே கத்தி, அது மழுங்கினால் அதனைத் திரும்பக் கூராக்கும் கல்லும் தோலும் உடன் இருந்தன. கூர்மை என்பது கடையில் வாங்கி வைத்திருக்கும் பண்டமன்று. நாவிதரின் கையில் தங்கியிருந்த திறன்.

ஐரோப்பாவிலும் நிலைமை இதுவே. மடக்குக் கத்தி வைத்திருந்த செல்வர்கள் சிலர் ஏழு கத்திகள் கொண்ட பெட்டிகளை வைத்திருந்தனர். வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக, நாளின் பெயர் பொறிக்கப்பட்ட கத்திகள் அவை. ஓய்வு கொடுத்தால் எஃகின் விளிம்பு தேறிவிடும் என்னும் நம்பிக்கை அதற்குப் பின்னால் இருந்தது. ஆயினும் அந்த ஏழு கத்திகளும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. முறை வைத்து வேலைக்கு வருபவை. எறிந்துவிடத்தக்க மாற்று என்னும் கருத்து அப்போது தோன்றியிருக்கவில்லை.

பாரிஸ் நகரத்துக் கத்திக் கொல்லரான ஜான்-ஜாக் பெரே, தானே தன் முகத்தை மழித்துக்கொள்ளும் கலையைப் பற்றி 1769-இல் ஒரு நூல் வெளியிட்டார். கத்தி தோலுக்குள் ஆழமாக இறங்காதவாறு மரத்தாலான காப்பு ஒன்றை அவர் பொருத்தினார். 1847-இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹென்சன், மண்வெட்டி போலக் கைப்பிடிக்குக் குறுக்காக அலகு அமைந்த ரேசருக்குக் காப்புரிமை பெற்றார். நீராவியால் பறக்கும் வண்டி ஒன்றைத் திட்டமிட்டவரும் அவரே. 1880-இல் அமெரிக்காவின் காம்ப்ஃபே சகோதரர்கள் 'ஸ்டார்' என்னும் பெயரில் வழங்கப்பட்ட பாதுகாப்பு ரேசருக்குக் காப்புரிமை பெற்றனர். எழுத்தாளரும் மருத்துவருமான ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ், 1887-இல் வெளிவந்த தம் ஐரோப்பியப் பயண நூலில் அதனைப் பாராட்டியிருக்கிறார். ஆடும் கப்பலிலும் அச்சமின்றி மழித்துக்கொள்ள முடிந்ததே அவருடைய மகிழ்ச்சிக்குக் காரணம்.

எனினும் இவை அனைத்திலும் அலகு என்பது தடித்த, ஆப்பு வடிவான, அடித்துச் செய்யப்பட்ட எஃகுத் துண்டு. அதனைத் தோல்வாரில் தீட்டியே ஆகவேண்டும். பாதுகாப்பு ரேசர் காயத்தைக் குறைத்தது. தீட்டும் வேலையை நாவிதரிடமிருந்து வாங்கி, ரேசரை வாங்கியவரின் கையில் கொடுத்தது.

2. மெல்லிய எஃகு

கிங் கேம்ப் ஜில்லெட் மூடிகள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் விற்பனையாளர். கிரௌன் கார்க் எனப்படும், ஒருமுறை திறந்ததும் எறியப்படும் புட்டி மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்டர் அந்நிறுவனத்தைச் சார்ந்தவர். எறியப்படும் பண்டத்திற்கே வாடிக்கையாளர் மீண்டும் வருவார் என்னும் பாடம் ஜில்லெட்டுக்கு அங்கிருந்து கிடைத்தது என்பர். 1895-இல் அவருக்கு மெல்லிய தகட்டு பிளேடு பற்றிய எண்ணம் தோன்றியது. அதனை நிறைவேற்ற மேலும் சில ஆண்டுகளும் வேறொருவரின் அறிவும் தேவைப்பட்டன. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற வில்லியம் நிக்கர்சன், மெல்லிய எஃகுத் தகடு நெளிந்துபோகாமல் அதனைக் கடினப்படுத்தவும் கூராக்கவும் வழிமுறைகளையும் இயந்திரங்களையும் உருவாக்கினார். 1901-இல் நிறுவனம் தொடங்கப்பெற்றது. 1904-இல் காப்புரிமை வழங்கப்பெற்றது. விற்பனை தொடங்கிய 1903-ஆம் ஆண்டில் 51 ரேசர்களும் 168 பிளேடுகளும் மட்டுமே விற்றன. அடுத்த ஆண்டில் விற்ற ரேசர்களின் எண்ணிக்கை தொண்ணூறாயிரத்தைக் கடந்தது.

நம் நோக்கிற்கு இங்கே முதன்மையானது தடிமன். ஜில்லெட்டின் தொடக்கக்கால பிளேடு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு, அதாவது ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. இருபது பிளேடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், சுற்றுத்தாளை நீக்கிப் பார்க்கையில், 3 மில்லிமீட்டர் உயரமே வரும். ஆப்பு வடிவக் கத்திகளில் இது கற்பனைக்கும் எட்டாதது. மாற்று பிளேடுகளைக் கருவிக்குள்ளேயே வைக்கலாம் என்னும் எண்ணம் தனியொரு மேதையின் மின்னல் போன்ற தோற்றமன்று. மெல்லிய எஃகு அதற்கு இடம் செய்துகொடுத்தது. சேமிப்பின் வரலாறு உலோகவியலின் வரலாற்றிலிருந்து கிளைத்தது.

தகடு மெல்லியதானதும் உதிரி என்னும் சொல்லின் பொருளும் மாறியது. தீட்டுவதற்குப் பதில் மாற்றுவது வழக்கமாயிற்று. கூர்மை கையின் திறனாக இருந்தது போய், பொட்டலத்தில் எண்ணி விற்கப்படும் பண்டமாயிற்று.

3. படைவீரனும் பயணியும்

மெல்லிய பிளேடின் மிகப் பெரிய வாடிக்கையாளர் அரசே. முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபோது, 1918-இல் ஜில்லெட் நிறுவனத்திடம் ஏறத்தாழ 35 இலட்சம் ரேசர்களும் 3 கோடியே 20 இலட்சம் பிளேடுகளும் படைக்காக வாங்கப்பெற்றன. பதுங்குகுழி வாழ்வின் தூய்மை, நச்சுவளி முகமூடி முகத்தோடு ஒட்டிப் பொருந்தவேண்டிய தேவை ஆகியவை இதற்கான காரணங்களாகக் கூறப்படுகின்றன. எவ்வாறாயினும், நாவிதரின் உதவியின்றி நாள்தோறும் தானே மழித்துக்கொள்ளும் வழக்கத்தை இலட்சக்கணக்கான இளைஞர்கள் படையில் கற்று வீடு திரும்பினர்.

படைவீரனின் தேவை பயணியின் தேவையே. முதுகில் சுமக்கும் பையில் இடம் குறைவு. நீர் எப்போதும் கிடைக்காது. இருட்டிலும் குளிரிலும் விரல்கள் மரத்த நிலையில் பிளேடை மாற்ற வேண்டும். சிறிய பெட்டிக்குள் அடங்கும் ரேசரும் அதனுடன் பிளேடுக்கான தட்டையான உலோகப் பெட்டிகளும் இக்காலத்தில் பெருகின. பிரிட்டனில் விற்பனையான 'ரோல்ஸ் ரேசர்' இச்சிக்கலுக்கு வேறு விடை கண்டது. ஒரே தடித்த அலகு. அதனை அடக்கிய உலோகப் பெட்டியின் ஒரு மூடியில் சாணைக்கல், மறு மூடியில் தோல். பெட்டிக்குள்ளேயே அலகை முன்னும் பின்னும் தள்ளித் தீட்டிக்கொள்ளலாம். அமெரிக்காவில் ஹென்றி கைஸ்மன் உருவாக்கிய 'ஆட்டோஸ்ட்ராப்' ரேசரில், தோல்வாரைக் கருவியின் தலைப்பகுதியினூடே செலுத்தி, பிளேடைக் கழற்றாமலே தீட்டும் வசதி இருந்தது.

இந்த இரண்டையும் தோற்றுப்போன தொழில்நுட்பங்கள் என ஒதுக்கிவிடுவது எளிது; சரியன்று. தன்னிறைவான சிறு சவரக் கருவி என்னும் இலக்கை அடைய இரு வழிகள் அக்காலத்தில் ஒருங்கே திறந்திருந்தன. ஒன்று, தீட்டும் திறனைக் கருவிக்குள் வைப்பது. மற்றொன்று, தீட்டப்பட்ட பிளேடுகளைக் கருவிக்குள் வைப்பது. முதல் வழியில் சென்றவர் ஒருமுறை வாங்கிய பின் நிறுவனத்திடம் அடிக்கடி திரும்பி வரவேண்டியதில்லை. இரண்டாம் வழியில் சென்றவர் வந்தே தீரவேண்டும். எந்த வழி வென்றது என்பதை விளக்கக் கூர்மையின் தரம் மட்டும் போதாது.

4. ஷிக்கின் கைப்பிடி

ஜேக்கப் ஷிக் 1877-இல் பிறந்தவர். 1898-இல் படையில் சேர்ந்து பிலிப்பைன்ஸ் சென்றார். பின்னர் உடல்நலங்கருதி அலாஸ்காவுக்கு மாற்றம் பெற்று, அங்கே படைத்துறையின் தந்திக் கம்பிகள் அமைக்கும் பணியில் ஈடுபட்டார். உறைபனிக் குளிரில் நீரும் நுரையுமின்றி மழித்துக்கொள்ள இயலுமா என்னும் எண்ணம் அவருக்கு அக்காலத்தில் தோன்றியதாகக் கூறுவர். முதல் உலகப் போரின்போது மீண்டும் படைக்குத் திரும்பினார். போர் முடிந்தபின் அவர் கையில் எடுத்த திட்டமே மேகசின் ரேசர்.

தொடர்ந்து சுடும் துப்பாக்கியே இதற்கு முன்மாதிரி என்பது வழக்கமான விளக்கம். பெயரே அதற்குச் சான்று. ஷிக் படையில் சேர்ந்த காலத்தில் அமெரிக்கத் தரைப்படையின் முறைசார் துப்பாக்கி, ஐந்து தோட்டாக்களைத் தன்னுள் அடக்கிய கிராக்-யோர்கென்சன். தோட்டாவை ஒவ்வொன்றாகக் கையால் நுழைக்கும் துப்பாக்கியிலிருந்து, தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா தானே வந்து நிற்கும் துப்பாக்கிக்கு உலகப் படைகள் மாறிய தலைமுறையைச் சேர்ந்தவர் ஷிக். அவருடைய ரேசரிலும் அந்த அசைவையே காண்கிறோம். கைப்பிடியின் உட்பகுதியை இழுத்துத் தள்ளினால் பழைய பிளேடு வெளியேறும். புதியது அவ்விடத்தில் வந்து அமரும். விரல் எஃகைத் தொடுவதேயில்லை.

'மேகசின்' என்னும் சொல்லையும் சிறிது நோக்கலாம். கிடங்கு, பண்டகசாலை எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றது அது. வெடிமருந்துக் கிடங்கையும், பின்னர்த் துப்பாக்கியின் தோட்டா அறையையும் குறித்தது. 1731-இல் இலண்டனில் தொடங்கிய 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' பல்வகைச் செய்திகளின் கிடங்கு என்னும் பொருளில் அதனை இதழுக்குச் சூட்டியது. சரக்கு முழுவதும் ஓரிடத்தில் குவிந்திருந்து, வேண்டும்போது ஒவ்வொன்றாக வெளிவரும் என்பதே இப்பயன்பாடுகளின் பொதுக்கருத்து. ஷிக்கின் நிறுவனப் பெயரிலும் இச்சொல்லே முதலில் நின்றது.

5. வடிவமைப்பின் நான்கு சிக்கல்கள்

மாற்று பிளேடுகளைக் கைப்பிடிக்குள் வைக்க முனையும் எவரும் நான்கு சிக்கல்களைச் சந்தித்தாக வேண்டும். பழைய கருவிகளைக் கையில் எடுத்து ஆராயும் மாணவர்கள் இவற்றை ஒரு வினாப்பட்டியலாகவே வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது, விளிம்பின் காப்பு. கூரிய விளிம்பு பக்கத்துப் பிளேடின்மீதோ சுவர்மீதோ பட்டால் மழுங்கும். இருபுறமும் கூருள்ள ஜில்லெட் பிளேடைத் தாளில் சுற்றியே வைக்க முடியும்; சுற்றுத்தாளைப் பிரிக்கக் கை வேண்டும்; கை வேண்டுமெனில் தானியங்கிச் செலுத்தம் இயலாது. ஷிக் ஒருபுறம் மட்டும் கூருள்ள ஒடுங்கிய பிளேடைத் தெரிந்தெடுத்ததன் பொருத்தம் இங்கே விளங்கும். கூரற்ற முதுகுப்புறம் இருப்பதால் பிளேடைப் பிடிக்கவும் அடுக்கவும் தள்ளவும் ஓர் இடம் கிடைக்கிறது.

இரண்டாவது, ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லுதல். எண்ணெய் பூசிய மெல்லிய தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இரண்டு சேர்ந்து நகர்ந்தால் கருவி சிக்கிக்கொள்ளும். அடுக்கை ஒரே சீராக அழுத்தும் வில்லும், ஒரு தகட்டின் தடிமன் அளவே திறந்த வாயிலும் தேவை. தடிமனில் சிறு வேறுபாடும் பொறுக்கமுடியாத கருவி இது. ஆகவே அது பொருத்தமான பிளேடை மட்டுமே ஏற்கும். பிறர் செய்த பிளேடுக்கு இடம் தராது.

மூன்றாவது, ஈரம். 1926-இல் பிளேடுகள் கார்பன் எஃகால் ஆனவை. நீர் பட்டால் துருப்பிடிப்பவை. துருவேறாத எஃகு பிளேடு பரவலான விற்பனைக்கு வந்தது 1960-களின் தொடக்கத்தில், வில்கின்சன் சோர்ட் நிறுவனத்தின் வாயிலாக. நாள்தோறும் நுரையிலும் நீரிலும் முழுகும் ஒரு கைப்பிடிக்குள், துருப்பிடிக்கும் தகடுகளை வாரக்கணக்கில் வைத்திருப்பது எவ்வளவு இடர் மிகுந்தது என்பது சொல்லாமலே விளங்கும்.

நான்காவது, தேய்ந்த பிளேடு. புதியதற்குக் கருவிக்குள் இடம் செய்த வடிவமைப்பு, பழையதற்கு இடம் செய்யவில்லை. அதனை வெளியே தள்ளியதோடு தன் கடமை முடிந்ததாகக் கொண்டது. இச்சிக்கலுக்குப் பின்னர் வருவோம்.

இரண்டாவது சிக்கலின் தீர்வில் வணிகம் நுழைகிறது. பிறர் பிளேடை ஏற்காத துல்லியம் பொறியியலுக்குத் தேவை; பிறர் பிளேடை ஏற்காமை நிறுவனத்திற்கு ஆதாயம். எது தேவை, எது உத்தி என்று பொருளை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. பொருள்சார் சான்றின் எல்லை இது என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

6. ரேசரை இலவசமாகக் கொடுத்தார்களா?

'ரேசரை இலவசமாகக் கொடு, பிளேடில் ஈட்டு' என்பது ஜில்லெட் கண்ட வணிக முறை என மேலாண்மைப் பாடநூல்கள் பலவற்றில் எழுதப்பட்டிருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ராண்டல் பிக்கர் இக்கதையை ஆராய்ந்து, சான்றுகள் அதற்கு நேர்மாறாக இருப்பதைக் காட்டியிருக்கிறார். காப்புரிமை உயிரோடிருந்த காலமெல்லாம் ஜில்லெட் ரேசரின் விலை 5 டாலர். அக்காலத்தில் அது உயர்ந்த விலை. 1921-இல் காப்புரிமை காலாவதியாகும் தறுவாயில்தான் பழைய வகை ரேசர் ஒரு டாலர் அளவுக்கு இறங்கியது. அதாவது, பிளேடு வழியே வாடிக்கையாளரைப் பிணைத்து வைக்கச் சட்டம் துணைநின்ற காலத்தில் நிறுவனம் அவ்வழியில் செல்லவில்லை. அத்துணை நீங்கியபின் ரேசரின் விலையைக் குறைத்தது.

இந்தப் பின்னணியில் 1926-ஆம் ஆண்டு புதிய பொருள் பெறுகிறது. ஜில்லெட்டின் அடிப்படைக் காப்புரிமை முடிந்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. ஜில்லெட் ரேசருக்குப் பொருந்தும் பிளேடை எவரும் செய்யலாம், பலர் செய்தனர். அத்தகைய சந்தையில் நுழைந்த ஷிக், பிறர் பிளேடு நுழையமுடியாத கைப்பிடியோடு வந்தார். போட்டியாளரின் புதிய பிளேடு வடிவம் தொடர்பான வழக்கின் விளைவாக, 1930-இல் ஜில்லெட் நிறுவனம் கைஸ்மனின் ஆட்டோஸ்ட்ராப் நிறுவனத்தோடு இணையவேண்டி வந்ததும், இணைப்பின்போது ஜில்லெட்டின் இலாபக் கணக்குகள் மிகைப்படுத்தப்பட்டிருந்தமை வெளிப்பட்டதும், நிருவாகம் கைஸ்மன் கைக்கு மாறியதும் இக்காலச் சந்தையின் கடுமையைக் காட்டுகின்றன. பிளேடின் நடுவிலுள்ள துளையின் வடிவத்திற்காக நிறுவனங்கள் போரிட்ட காலம் அது.

7. கைப்பிடியை விட்டு வெளியேறிய கிடங்கு

ஷிக் 1920-களின் இறுதியில் தம் பங்குகளை அமெரிக்கன் செயின் அண்ட் கேபிள் நிறுவனத்திற்கு விற்றுவிட்டு, மின்சாரத்தால் இயங்கும் உலர் சவரக் கருவியை உருவாக்குவதில் இறங்கினார். 1931-இல் 25 டாலர் விலையில் அது விற்பனைக்கு வந்தது. பிளேடும் நுரையும் நீரும் வேண்டாத கருவி அது. சேமிப்புச் சிக்கலைத் தீர்த்தவரே அச்சிக்கல் எழாத ஒரு வழியைத் தேடிச் சென்றார் என்பது கவனிக்கத்தக்கது. 1935-இல் கனடா நாட்டுக் குடியுரிமை பெற்ற அவர் 1937-இல் மறைந்தார்.

அவர் விட்டுச்சென்ற மேகசின் நிறுவனமும் 1930-களின் நடுவில் தன் தொடக்கக் கொள்கையைக் கைவிட்டது. பிளேடுகள் கைப்பிடியிலிருந்து வெளியேறி, 'இன்ஜெக்டர்' எனப்பட்ட தனிச் சிறு உலோகப் பெட்டிக்குள் சென்றன. அதன் முனையை ரேசரின் தலையில் பொருத்தித் தள்ளினால், புதிய பிளேடு உள்ளே வந்து பழையதை மறுபுறம் வெளியேற்றும். தொடாமல் மாற்றும் வசதி தங்கியது. ஒன்றாய் இருக்கும் வசதி போயிற்று. ஆனால் கைப்பிடி மெலிந்தது, இயந்திரம் எளிதாயிற்று, பிளேடுகள் ஈரத்திலிருந்து விலகின. மேலே சொன்ன நான்கு சிக்கல்களில் மூன்று, கிடங்கை வெளியே எடுத்தவுடன் தணிந்தன. விற்கப்படும் பொட்டலமே இப்போது கிடங்காகவும் செலுத்து கருவியாகவும் ஆயிற்று. இவ்வகை ரேசர் பல பத்தாண்டுகள் நிலைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஜில்லெட்டும் தன் இருமுனை பிளேடுகளுக்கு இத்தகைய செலுத்துபெட்டி ஒன்றை அறிமுகப்படுத்தியது.

1960-களின் நடுவில் ஜில்லெட்டின் 'டெக்மேட்டிக்' ரேசர் பழைய கனவை வேறு வடிவில் மீட்டெடுத்தது. தனித்தனி பிளேடுகளுக்குப் பதிலாக, சுருட்டி வைத்த எஃகு நாடா ஒரு பேழைக்குள் இருந்தது. நெம்பினால் புதிய விளிம்பு முன்னே நகரும். தேய்ந்த பகுதி மறுபுறம் சுருண்டுகொள்ளும். தேய்ந்த எஃகுக்கும் கருவிக்குள்ளேயே இடம் தந்தது இதன் சிறப்பு. ஆனால் 1971-இல் வந்த இரட்டை விளிம்புப் பேழையும், 1970-களின் நடுவில் பரவிய, முழுவதுமாக எறியப்படும் பிளாஸ்டிக் ரேசரும் அதனைப் பின்னுக்குத் தள்ளின. எறியப்படும் ரேசரில் மாற்று பிளேடு என்னும் கருத்தே இல்லை. மாற்று ரேசரே உண்டு.

8. சுவருக்குள் விழுந்த எஃகு

தேய்ந்த பிளேடு எங்கே போயிற்று? இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டப்பட்ட அமெரிக்க வீடுகள் பலவற்றில், குளியலறைச் சுவரில் பதித்த மருந்துப் பேழையின் பின்புறத்தில் ஒரு சிறு பிளவு இருக்கும். பழைய பிளேடை அதில் போட்டால் அது சுவருக்குள் இருக்கும் வெற்றிடத்தில் விழும். அவ்வளவே. அதனை எடுப்பதற்கு வழி எதுவும் அமைக்கப்படவில்லை. பின்னாளில் அச்சுவர்களை இடித்தவர்கள் துருவேறிய பிளேடுகளின் குவியலைக் கண்டெடுத்திருக்கின்றனர். இன்ஜெக்டரின் அடிப்புறத்திலும் ஜில்லெட் செலுத்துபெட்டியின் பின்புறத்திலும் பழைய பிளேடுகளுக்கான சிறு அறைகள் பின்னர்த் தோன்றியதற்கு, விரலுக்கும் குப்பைக்கூடைக்கும் நேர்ந்த இடர்களே காரணம் எனக் கொள்ளலாம்.

புதிய பிளேடின் இடம் பற்றிக் காப்புரிமை ஆவணங்களும் விளம்பரங்களும் விரிவாகப் பேசுகின்றன. பழைய பிளேடின் இடம் பற்றிப் பேசுபவை சுவர்களே. எழுத்துச் சான்றுகளை மட்டும் நம்பினால் இப்பண்டத்தின் வாழ்வில் பாதியைத்தான் எழுத முடியும்.

9. யாருடைய உழைப்பு?

இறுதியாக ஒன்று. தானே மழித்துக்கொள்ளுதல் என்பது நேரத்தை மிச்சப்படுத்தும் வசதி மட்டுமன்று. அது ஓர் உறவின் முறிவு. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில், குறிப்பாகத் தென்மாநிலங்களில், வெள்ளையரை மழித்தவர்களுள் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அடிமையாகப் பிறந்த அலோன்சோ ஹெர்ண்டன், அட்லாண்டாவில் வெள்ளையருக்கான ஆடம்பரச் சவரக் கடைகளை நடத்திப் பொருளீட்டி, 1905-இல் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தையே நிறுவினார். அத்தகைய கடைகளில் கறுப்பின வாடிக்கையாளருக்கு இடமில்லை. கத்தி பிடித்த கை கறுப்பு. மழிக்கப்படும் முகம் வெள்ளை மட்டுமே.

காந்தி தம் தன்வரலாற்றில், பிரிட்டோரியாவில் ஓர் ஆங்கிலேய முடிதிருத்துநர் தமக்கு முடிவெட்ட மறுத்ததையும், அதன்பின் கருவி வாங்கித் தாமே வெட்டிக்கொண்டதையும் எழுதியிருக்கிறார். நம் நாட்டில் நம் நாவிதர்கள் தீண்டப்படாதவராக வைக்கப்பட்டோருக்குப் பணி செய்ய நாம் விடுவதில்லையே என்று சொல்லி, மறுத்தவரை அவர் குறைகூறாமல் விட்டதும் அங்கே பதிவாகியுள்ளது. 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் அத்தகைய பணி மறுப்பைத் தண்டனைக்குரியதாக்கியது. சட்டத்தின் தேவை, வழக்கம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதைக் காட்டுகிறது.

இவ்வரலாற்றோடு சேர்த்து நோக்கினால், தன்னிறைவான சிறு ரேசர் இருவேறு மனிதருக்கு இருவேறு பொருள் தருகிறது. பணி பெற்று வந்தவருக்கு அது வசதி. பணி மறுக்கப்பட்டவருக்கு அது எவரையும் கேட்கவேண்டாத நிலை. அதே வேளையில், தலைமுறை தலைமுறையாகக் கத்தியைத் தீட்டி வாழ்ந்தவரின் திறனை அது ஒரு தொழிற்சாலையின் இயந்திரத்திற்கு மாற்றிவிட்டது. இன்றும் நம் ஊர்ச் சவரக் கடைகளில், இருமுனை பிளேடு ஒன்றை இரண்டாக முறித்து, ஒவ்வொருவருக்கும் புதிய பாதியைக் கத்திப் பிடியில் செருகுகின்றனர். தொற்று பற்றிய அச்சம் இவ்வழக்கத்தைப் பரப்பியது. அடைப்பத்தில் சாணைக்கல் இருந்த இடத்தில் இன்று பிளேடுப் பொட்டலம் இருக்கிறது. திறனில் தீட்டும் பகுதி போய், மழிக்கும் பகுதி கையில் நின்றிருக்கிறது.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரேசரின் வரலாறு கிடைத்த அளவுக்கு, அதனால் வேலை மாறிப்போனவர்களின் வரலாறு நம் மொழிகளில் கிடைக்கவில்லை. பழைய சவரக் கடைகளில் சாணைக்கல்லை எப்போது, எதற்காக எடுத்து வைத்தனர் என்று கேட்டறிய இன்னும் மூத்தவர்கள் இருக்கின்றனர். சவரத் தொழிலாளர் சங்கங்களின் கூட்டக் குறிப்புகளும், உள்ளூர்க் கடைகளின் கணக்கேடுகளும், பழைய இதழ்களின் பிளேடு விளம்பரங்களும் தொகுக்கப்படவேண்டும். இப்பொருளில் களப்பணி செய்திருப்போர் கீழே எழுதினால், அதனைத் தொடர்ந்து உரையாடலாம்.